சோதனை ஆள்

“தலையை ஆட்டாம எவ்வளவு நேரம் படுத்திருக்கணும்?”

“இருபத்தஞ்சு நிமிஷம்.”

“பேசலாமா?”

“பேசினா தாடை அசையும். தாடை அசைஞ்சா படம் கலங்கிடும்.”

“அப்போ பேசாம, அசையாம, நீ போடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கணும். அவ்வளவுதானே? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வீட்ல அதைத்தானே பண்றேன். இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்?”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்திருந்த சர்வீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் கணவர் அந்தப் படுக்கையில் முதல் முறை படுத்த நாள் அது. நான்கு வருடம் ஆகிறது.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவள். ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டரை மூடிவிட்டு மெஷினுக்குச் சர்வீஸ் செய்வார்கள். வேலை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் உருண்டையை உள்ளே வைத்துப் படம் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் உருண்டை மூச்சு விடாது. அதனால் எங்கள் சென்டரில் கடைசியாக ஒரு நிஜத் தலையையும் எடுத்துப் பார்த்துவிடுவோம். யாருடைய தலை என்பதுதான் ஒவ்வொரு முறையும் பிரச்சினை. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் குழாயைப் பார்த்தாலே வியர்த்துவிடும். சர்வீஸ்காரர் முழங்காலில் பழைய ஆபரேஷனில் வைத்த உலோகத் தகடு இருப்பதால் அவர் குழாய்க்குள் படுக்கக் கூடாது. நான் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டும். மிச்சம் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் செய்தித்தாளோடு காத்திருக்கும் என் கணவர்தான்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். படுத்தால் மரக்கட்டை மாதிரி படுப்பார். அவர் தலை அவ்வளவு சுத்தமாகப் படத்தில் விழும். பெயர் கொடுக்காமல் மெஷின் வேலையைத் தொடங்காது என்பதால், அன்றைக்கு ‘சோதனை ஆள்’ என்று தட்டினேன். அடுத்த சர்வீஸ் நாளில் வயசு, எடை எல்லாம் மறுபடி தட்டச் சோம்பல்பட்டுக்கொண்டு அதே பெயரைத் திறந்தேன். அதற்கடுத்த முறையும் அதே பெயர். இப்படி எட்டு முறை.

அந்தப் படங்களில் நான் பார்த்ததெல்லாம் குறுக்கே கோடு விழுகிறதா, ஓரம் மங்குகிறதா, வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதைத்தான். குறை எதுவும் இல்லையென்றால் ‘சரி’ என்று எழுதுவேன். சர்வீஸ்காரர் கையெழுத்துப் போடுவார். படம் படிக்கும் டாக்டரம்மாவுக்கு அவை போகவே போகாது. நோயாளி இல்லாத படத்தை எந்த டாக்டர் படிப்பார்?

ஒன்றரை மாதத்துக்கு முன்பு அந்தப் புதிய மென்பொருள் வந்தது. ஒரே ஆளுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூளையின் ஒவ்வொரு மடிப்பையும் அது அளந்து பார்க்கும். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் தலைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். இந்தத் தலை இனிமேல் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்று சொல்லும். சொல்வதோடு நிறுத்தாமல், வரப்போகும் மூளையைப் படமாகவே வரைந்து காட்டிவிடும்.

“அக்கா, நம்ம சென்டருக்கு ஜோசியர் வந்தாச்சு. எனக்கு எப்போ கல்யாணம்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாள் ரிசப்ஷன் பெண்.

“அது மூளையைப் பார்த்துத்தான் சொல்லும். உனக்கு எப்படிச் சொல்றது?”

“இருங்க, ஒருநாள் படுத்துக் காட்டறேன்.”

அன்றிலிருந்து அதற்கு ஜோசியர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதைப் பொருத்த வந்தவர்கள், பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரு தடவை அதற்குக் காட்டச் சொன்னார்கள். மூன்று பகல், மூன்று இரவு அது தன் பாட்டுக்கு ஓடியது. நான்காம் நாள் காலையில் வந்து பார்த்தபோது ஒரு பட்டியல் தயாராக இருந்தது. யாருடைய நிலை வேகமாக மோசமாகிறதோ அவர் பெயர் மேலே, சிவப்பில்.

முதல் வரியில் ‘சோதனை ஆள், எட்டுப் படங்கள்’ என்று இருந்தது.

“நல்ல ஜோசியர்க்கா! டெஸ்ட் ஃபைலைப் போய் முதல் நோயாளி ஆக்கிட்டார்” என்று ரிசப்ஷன் பெண் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அவள் டீ வாங்கப் போனதும் அந்த வரியைத் திறந்தேன்.

நெற்றிப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஞாபகத்துக்கான இடத்திலும் ஒன்றுமில்லை. தலையின் பின்பக்கம்தான் சிவந்து கிடந்தது. கண் பார்ப்பதை எடுத்து, எது எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் இடம் அது. வலது பின்பக்கம் அதிகம். கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: துணையில்லாமல் நடமாட முடியாத நிலை, பதினான்கு மாதத்துக்குள். வாய்ப்பு, நூற்றுக்கு எண்பத்தொன்று. அதற்கும் கீழே, அது வரைந்த படம். அடுத்த சர்வீஸ் தேதிக்கு இந்தத் தலை எப்படி இருக்கும் என்ற படம்.

பழைய எட்டுப் படங்களையும் எடுத்து வரிசையாக வைத்தேன். முதல் படத்தில் அந்த மடிப்புகள் நெருக்கி மடித்த துணி மாதிரி இருந்தன. நான்காவதில் நடுவே கறுப்பாக ஒரு இழை. ஆறாவதில் அது விரல் நுழையும் இடைவெளி மாதிரி தெரிந்தது. எட்டாவதைப் பார்க்க எந்த மென்பொருளும் வேண்டாம், என் கண்ணே போதும். எட்டின் கீழும் ‘சரி’ என்று என் கையால் எழுதியிருந்தேன்.

பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. வேறு யாராவது அந்தப் படுக்கையில் படுத்திருந்தால் நான்காவது படத்திலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருப்பேன்.

மதியம் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“யாரும்மா இது?”

“தெரிஞ்சவர் டாக்டர். சர்வீஸ் அன்னிக்கு வந்து படுப்பார்.”

“பேர் இல்ல, கடிதம் இல்ல, என்ன தொந்தரவுன்னு ஒரு வரிகூட இல்ல. இதுல நான் என்ன எழுத முடியும்? உங்க ஜோசியர் நோயாளிங்களைப் பார்த்தே வளர்ந்தவர். நல்லா இருக்கிறவனைக் காட்டினா உளறவும் செய்வார்.” எட்டையும் ஒரு தடவை புரட்டினார். “ஆனா எட்டுப் படத்தையும் பார்த்தா எனக்கு நல்லா படலை. அடுத்த சர்வீஸ் எப்போ?”

“ஆறு வாரத்துல.”

“அதுக்கு முன்னாடி அவரைக் கூட்டிட்டு வர முடிஞ்சா வாங்க. இல்லன்னா அந்தப் படம் வரட்டும். ஜோசியர் வரைஞ்சதும் மெஷின் எடுத்ததும் ஒத்துப்போனா அப்புறம் சந்தேகத்துக்கே இடம் இல்ல. என்ன வேலை பார்க்கிறார்?”

“வாத்தியார்.”

“வாத்தியார்தானே. ஒண்ணும் ஆயிடாது.”

பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை இந்த ஆறு வாரமாக நான் மென்று கொண்டிருக்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் மனிதர்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். எங்கள் பெண்ணும் அந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்த மறுநாளே அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் அவள். தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். அவர் அவளைச் ‘சின்ன மாஸ்டர்’ என்பார்.

நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியை விட்டுடுங்க. இரண்டே வார்த்தை. காலையில் அவர் ஷூவுக்குக் கயிறு கட்டும்போது வாய் வரைக்கும் வரும். எப்படி வெளியே விடுவது? இருபத்திரண்டு வருடத்தில் தன் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்கிற மனிதர். வண்டியைப் பிடுங்கிவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? ஜோசியர் உளறியிருந்தால்? ஒரு டெஸ்ட் ஃபைலை நம்பி அவரை வீட்டில் உட்கார வைத்தவள் என்ற பெயரோடு நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஆறு வாரம்தானே, அந்தப் படம் வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா அப்படிச் சொன்னது ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்பதை மட்டும் வசதியாக மறந்தேன்.

வீட்டில் அவரைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. டம்ளரை மேஜையில் வைப்பதாக நினைத்து மேஜைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே விடுவார். அது கீழே விழுந்து உருளும். “இந்த மேஜையை யாரு நகர்த்தினது?” என்பார். செய்தித்தாளில் ஒரு வரி படித்து, அடுத்த வரிக்கு வராமல் மூன்றாவது வரிக்குப் போய், “இப்பல்லாம் ஒழுங்காவே எழுத மாட்டேங்கிறாங்க” என்று மடித்து வைப்பார். ஒரு வருடத்தில் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியிருந்தார். மூன்றாவது முறை கடைக்காரர், “சார், உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லாருக்கு” என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“அம்மா, நீ ஏன் அப்பாவையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கே?” என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

“திடீர்னு காதல் வந்திருக்கும்” என்றார் அவர். “இருபது வருஷம் லேட். பரவாயில்ல.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

போன வாரம் நானும் வருகிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மகள் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில். காலை நேரம், தெருவில் கூட்டமில்லை. பால் வண்டி ஒன்று, நடைப்பயிற்சிக்காரர்கள் இரண்டு மூன்று பேர்.

“கண்ணாடியைப் பாரு. இப்போ சிக்னலைப் போடு. அவசரமே வேண்டாம், உன் அம்மா பின்னாடி இருக்காங்க, சரித்திரத்துலயே முதல் தடவை.”

“அப்பா, சும்மா இருங்க, கை நடுங்குது.”

“நடுங்கட்டும். நடுங்கினாத்தான் ஜாக்கிரதையா ஓட்டுவே. இடது பக்கம் காலியா இருக்கு, திருப்பு.”

இடது பக்கம் காலியாக இல்லை. சைக்கிளில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். கேரியரில் துணி மூட்டை, அதன்மேல் சிவப்புப் போர்வை. பின்சீட்டிலிருந்து எனக்கே அவ்வளவு பளிச்சென்று தெரிந்தார். என் கணவரின் ஜன்னலுக்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடும் தூரம். அவர் தலையைத் திருப்பி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே, “போ, போ” என்றார்.

மகள்தான் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. நான் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டேன். சைக்கிள்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, “கண்ணு தெரியலையா?” என்று கத்திவிட்டுப் போனார்.

என் கணவர் காலடியிலிருந்த பிரேக்கை நான் எட்டிப் பார்த்தேன். அவர் பாதம் அதன்மேல் இல்லை. இரண்டு விரல் தள்ளி, வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“நல்ல பிரேக்” என்றார். “நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன். பாஸ்.”

மகள் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். மேலே இருந்த கண்ணாடியில் அவள் கண்கள் என்னைத் தேடின. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று இரண்டு பேரும் வண்டியை விட்டு இறங்கியபோதே கேட்டிருக்க வேண்டும். இன்னும் ஐந்து நாளில் சர்வீஸ், அது முடிந்து வரும் புதன்கிழமை அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட், அதுவரைக்கும் எதையும் கலைக்க வேண்டாம் என்று தோன்றியது. இப்படித் தோன்றியதற்காக என்னை நானே மன்னிக்க இன்னும் வழி தெரியவில்லை.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே மூன்று பேரும் கிளம்பினோம். வண்டியை அவர்தான் ஓட்டினார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி வழியில் ஆரம்பித்து, “அப்பா, இடது பக்கம் ஆட்டோ. அப்பா, இடது பக்கம் லாரி” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். “யாரு யாருக்கு மாஸ்டர்?” என்று அவர் கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. சென்டர் வாசலில் இறங்கியதும், உள்ளே வராமல் மரத்தடியில் நின்றுகொண்டாள்.

சர்வீஸ்காரர் பதினொரு மணிக்கு உருண்டையை வெளியே எடுத்தார். “வாங்க மாஸ்டர், உங்க கட்டில் ரெடி.”

“ஒன்பதாவது தடவை. வாடகையாவது குடுங்கய்யா.”

அவர் படுத்தார். தலையைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூண்டை நான்தான் மூடினேன். மூடும்போது என் கையைப் பிடித்து ஒரு நொடி வைத்துக்கொண்டார். எப்போதும் செய்யாதது. பிறகு விட்டுவிட்டார்.

மெஷின் அதன் தட்டலைத் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன, கொஞ்சமும் அசையாமல். சர்வீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே தன் மருமகனைப் பற்றி ஏதோ குறை சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. படங்கள் ஒன்றொன்றாகத் திரையில் வந்து விழுந்தன. கழுத்து, முகவாய், கண்குழிகள். பிறகு மேலே, மேலே, பின்னால்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஜோசியர் வரைந்து வைத்திருந்த படத்தைத் திறந்து, இன்றைய படத்தின்மேல் வைத்தேன். கீழே இருப்பது தெரியும்படி மேலே இருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். எங்காவது ஒரு இடத்தில் விலகியிருக்கும் என்று தேடினேன். ஒரு மடிப்பு, ஒரு வளைவு, ஏதாவது.

விலகவில்லை. வலது பின்பக்கம் கறுத்த பள்ளம், அதன் நுனியில் கிளை பிரியும் இடம், அந்தக் கிளையின் சின்ன வளைவு வரைக்கும் ஒன்றாகப் பொருந்தியது. அவர் தலைக்குள் நடக்கப்போவதை, நடப்பதற்கு முன்பே, அவரைப் பார்த்தேயிராத ஒன்று வரைந்து வைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. திரையின் மூலையில் எண்கள் தாமாக மாறின. பதினான்கு மாதம் என்று இருந்த இடத்தில் இப்போது ஒன்பது.

“கோடு எதுவும் இல்லையே?” என்றார் சர்வீஸ்காரர்.

“இல்ல.”

“அப்போ சரின்னு போட்டுடுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்.”

விசைப்பலகைமேல் கை வைத்தேன். எழுதவில்லை. “அப்புறமா போடறேன் சார், நீங்க கிளம்புங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

என் கணவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே வந்தார். “சுத்தமா வந்துச்சா?”

“வந்துச்சு.”

“வரும். யாரு தலை!”

திரையை நான் அணைக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார். அதில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் தலையை நீட்டினாள். “முடிஞ்சுதா? அப்பா, பெரிய ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. போகலாமா, வேண்டாமா?” வேண்டாம் என்று யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்று கெஞ்சுவது போல இருந்தது அவள் குரல்.

“போகாம? புதன்கிழமை டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு வேண்டாமாம். இரு, சாவியை எடுத்துக்கிட்டு வந்துடறேன்.”

உள்ளே போகும் முன் கழற்றி வைத்த கைக்கடிகாரம், பெல்ட், சாவி எல்லாம் என் மேஜையில் ஒரு தட்டில் இருந்தன. அவர் சாவியைப் பார்த்துக்கொண்டேதான் கையை நீட்டினார். கை தட்டுக்கு வெளியே, வெறும் மேஜையில் போய் விழுந்தது. விரல்கள் அங்கே மெதுவாகத் தடவின. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. மகள் வாசலில் அசையாமல் நின்றாள்.

நான் எழுந்தேன். தட்டிலிருந்த சாவியை எடுத்து என் உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். மேஜையில் இன்னும் தேடிக்கொண்டிருந்த அவர் கையின்மேல் என் இன்னொரு கையை வைத்தேன்.

“என்னங்க, வண்டியை விட்டுடுங்க. அவளுக்குப் பக்கத்துலயும் வேண்டாம், வேற யாருக்குப் பக்கத்துலயும் வேண்டாம். இன்னியோட விட்டுடுங்க.”